செய்தி வாசிக்க ஒரு பொட்டு

என் மருமகள் பொட்டு வைப்பதில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் வீட்டில் எவரும் வைப்பதில்லை. வவுனியாவிலுள்ள சிறிய தொலைக்காட்சியொன்றில் ஈராண்டுகளாக மாலைச் செய்தி வாசித்து வந்தாள். சென்ற மாதம் அங்கே ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பெண் வாசிப்பாளர்கள் சேலையும் பொட்டும் அணிந்தே கமராவின் முன் அமர வேண்டுமாம். சேலை அவள் என்றும் உடுத்துவதுதான். அந்த அறிவித்தல் எவரைக் குறிவைத்தது என்று அறிய எனக்குப் பட்டப்படிப்புத் தேவைப்படவில்லை.

நெளுக்குளத்தில் ஒரு வீட்டை மாற்றியமைத்த கலையகத்துக்கு, அவளைக் கேளாமலே, நான் போனேன். முகாமையாளர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"கோவிக்காதேங்கோ சேர். சனம் போன் எடுத்துக் கேக்குது, அந்தப் பிள்ளை புருசனை இழந்ததோ எண்டு."

"என்ரை மகன் உயிரோடைதான் இருக்கிறான்."

"அதுதான் சேர். கோயில் தலைவராயும் இருந்தனீங்கள், உங்கடை பேருக்கும் நல்லதில்லை. சின்னப் பொட்டு ஒண்டு. வாசிச்சு முடியத் துடைச்சுப்போட்டுப் போகட்டும்."

கணவனை இழந்த பெண்கள் தெருவுக்குத் தெரு வாழும் மண் இது. அவர்களில் ஒருத்தி செய்தி வாசித்தால்தான் என்ன குறைந்துவிடும்? இதை நான் கேட்கும்போதே, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆண் வாசிப்பாளர் ஒத்திகை முடித்து எழுந்தார். மேலே கோட்டும் கழுத்துப் பட்டியும். கீழே, வீட்டில் உடுக்கும் கட்டம்போட்ட சாரம்.

"ஆம்பிளையளுக்கு என்ன விதி?" என்றேன்.

"அவைக்கு மேசைக்கு மேலைதான் சேர்."

முகாமையாளரைத் திட்டிவிட்டு வந்தேன். ஆனால் 'உங்கடை பேருக்கும்' என்ற சொல் வழியெல்லாம் என்னைக் குடைந்தது. வீடு வந்ததும், வெட்கத்தோடு எழுதுகிறேன், அவளிடமே கேட்டுவிட்டேன்.

"வைச்சால் என்ன பிள்ளை, ஒரு அரை மணித்தியாலம்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "கோயிலுக்கு வரேக்கை வைக்கச் சொன்னீங்கள், உங்களுக்காக வைச்சனான் மாமா. செய்திக்கு ஆருக்காக வைக்கிறது?"



மறுநாள் அவள் வெறும் நெற்றியோடு போனாள். அவளுடைய இடத்தில் வேறொரு பெண்ணை அமர்த்தினார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உச்சரிப்புச் சரியாக வராது. எனவே வயலையும் வீதியையும் காட்டும் இடங்களில் என் மருமகளின் குரலையே போட்டார்கள். முகம் வேண்டாமாம், குரல் வேண்டுமாம்!

இம்முறை அவளுடைய சம்மதத்தைக் கேட்டே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். முகத்தைக் காட்டுங்கள், அன்றேல் குரலையும் விடுங்கள். பெயர், பட்டம், வகித்த பதவிகள் யாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

நேற்று முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், பதவியெல்லாம் போட்டு எழுதியிருக்கிறியள். இது நாலு பேர் பாக்கிற கடிதம்."

"ஓம். அதுக்குத்தான் போட்டனான்."


அவள் இன்று வேலைக்குப் போகவில்லை. மாலைச் செய்தியில் வயல்கள் சத்தமின்றிக் கடந்து போயின.