நிற்பதற்கு ஒரு பங்கர்

நாவற்குடாவைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் ஏறாவூர்க் கல்வாடியில் இருந்து கிளம்பிய நான் சோதனைச் சாவடிகளைத் தவிர வேறெங்கும் நிற்கவில்லை. அந்த வாடியில் ஐந்து மாதம் மண் தோண்டி, செங்கல் சுமந்தேன். சூளைக்கு விறகு ஏற்றி வரும் லொறிகளை இராணுவம் தடுத்துவிட்டது. சூளை அணைந்தது. ஒரு சாரத்தையும் இரண்டு சட்டையையும் பையில் திணித்துக்கொண்டு தெற்கே நடந்தேன். எனக்கு அது புதிதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதில் இருந்து எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்கினதில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், நெல் வெட்டுத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வெல்லாவெளி வரை போனால் ஏதாவது ஒரு வயல் வட்டையில் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

அக்கரைக்குப் போவதென்றால் துறையில் ஆமியின் சோதனையைத் தாண்ட வேண்டும். அதற்கு அங்கால் போராளி இயக்கத்தின் பகுதி. சீமெந்து, பற்றரி, இரும்புக் கம்பி எதுவும் போகக்கூடாது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வரிசை நின்றுபோய்க் கிடந்தது.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கையில் ஊன்றுகோலோடு முன்னால் நின்றார். ஆமிக்காரப் பெண் ஒரு கருவியை அவருடைய உடம்பில் மேலிருந்து கீழாகப் பிடித்து வந்தாள். இடது இடுப்புக்கு வந்ததும் கருவி கத்தியது. மறுபடி பிடித்தாள். மறுபடி கத்தியது. துணியைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு கைக்கதிரையைத் தோளில் தூக்கியபடி நின்ற அவருடைய புருஷன் என்னவோ சொல்லப் பார்த்தார். தமிழ் அவளுக்கு விளங்கவில்லை.

கந்தளாயில் கரும்பு வெட்டின காலத்தில் பொறுக்கிய சிங்களம் கொஞ்சம் என்னிடம் இருந்தது. வரிசையை விட்டு வெளியே வந்து, என்ன விஷயம் என்று புருஷனிடம் கேட்டேன்.

"இடுப்பு மூட்டுத் தேஞ்சு போச்சு தம்பி. கொழும்பில வெட்டி, வேற மூட்டு வச்சிருக்கு. இரும்பில. சொல்லுங்க அந்தப் புள்ளைக்கு."

இரும்புக்கும் எலும்புக்கும் எனக்குச் சிங்களம் தெரியும். மூட்டுக்குத் தெரியாது. 'இந்த அம்மாவுடைய எலும்பு இரும்பு' என்று சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், என்னையும் சேர்த்துப் பிடித்து வைக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். புருஷன் அவசரமாகப் பையைத் திறந்து ஒரு எக்ஸ்ரேப் படத்தை எடுத்து நீட்டினார். அவள் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

வரிசையில் நின்ற எல்லோரும் தலையை நிமிர்த்தினோம். எலும்புகள் புகை மாதிரி மங்கலாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. மேலே கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் ஒரு குண்டு, அதிலிருந்து தொடைக்குள் இறங்கும் நீண்ட முளை. அது ஒரு மனுஷியின் உள்ளே இருக்கிறது. அந்த மனுஷி எனக்கு முன்னால் இரண்டு காலில் நிற்கிறாள். நான் படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், திரும்பவும் படத்தைப் பார்த்தேன். ஆமிக்காரப் பெண்கூட வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு படத்தைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னாள்.

"அக்கோவ், இரும்பு அங்கால கொண்டுபோகத் தடை. களட்டி இஞ்ச வச்சிட்டு வாங்க!" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்.

"நீ வந்து களட்டுறா பாப்பம். கொழும்பில மூணு பேர் சேந்துதான் அடிச்சு இறுக்கினவங்க" என்றார் அந்த அம்மா. துறையே சிரித்தது.

வாவியைக் கடக்கும் பலகைத் தெப்பமான மிதவைப் பாதையில் ஏறியதும் கதிரையை நடுவில் போட்டு அவரை உட்கார வைத்தோம். சுற்றிவர நாங்கள் எல்லாம் பலகையில் குந்திக்கொண்டிருந்தோம். அக்கரையில் இறங்கி இரண்டு மைல் போக வேண்டும். மோட்டார் வண்டி எதுவும் ஓடவில்லை, பெற்றோலுக்குப் பதிலாக ஊற்றும் மண்ணெண்ணெயே இல்லாத நேரம். சைக்கிளில் அவரை ஏற்ற முடியாது. நான் கதிரையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். புருஷனுக்குப் பை மட்டும். அம்மா ஊன்றுகோலோடு நடந்தார். இருநூறு முந்நூறு அடிக்கு ஒரு தடவை கதிரையை இறக்குவேன், உட்காருவார், எழும்புவார்.

நடக்கும்போது அவரே சொல்லிக்கொண்டு வந்தார். நாலு வருடமாக அந்த இடுப்பு அவரை நித்திரை கொள்ள விடவில்லையாம். கடைசி வருடம் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் தவழ்ந்து போனாராம். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் வெட்டினார்களாம்.

"நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தன் மகன். வாள் அரியுற சத்தம் கேக்குது. பிறகு சுத்தியல். கட்டிலோட சேந்து என்ர தலை ஆடுது. நோ மட்டும் இல்ல. ஆரோ பக்கத்து வளவில கதவு செய்யுறாங்க எண்டு நினைச்சுக் கிடந்தன்."

"இப்ப அந்த நோவு இருக்கா?" என்று கேட்டேன்.

"அடுத்த நாள் எழுப்பி நிக்க வச்சாங்க. வெட்டின இடம் நொந்துது. அந்தப் பழைய நோ இல்ல. தேடிப் பாத்தன் மகன், இல்ல."

அன்று காலையில் இருந்து நான் எத்தனை மைல் நடந்திருப்பேன். என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியிலும் உள்ளே ஒரு குண்டு கிண்ணத்துக்குள் திரும்புவது எனக்குத் தெரிந்தது. அவர் முன்னால் போக, தலையில் கதிரையோடு அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர்களுடைய மகள் ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். டொக்டர் சொன்னபடி எல்லாம் செய்து வைத்திருந்தாள். இனி அந்த அம்மா நிலத்தில் இருக்கக்கூடாது, சப்பாணி கொட்டக்கூடாது, குந்தவே கூடாது. குந்தினால் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும், திரும்பக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அதனால் அடுப்பைக் கல் அடுக்கி இடுப்பளவுக்கு உயர்த்தியிருந்தாள். கட்டில் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்திருந்தாள். மலசலகூடத்தில் நடுவே ஓட்டை வெட்டின பலகைப் பெட்டி. அம்மி ஒரு மேசையில் ஏறியிருந்தது. தாய் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். பாதி குடித்திருப்பேன். வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து 'டும்' என்று ஒரு பீரங்கிச் சத்தம்.

"செல்! பங்கருக்க போங்க!" என்று புருஷன் கத்தினார்.

மாமரத்துக்குக் கீழே பங்கர் இருந்தது. மூன்றடி ஆழம், மேலே தென்னங்குற்றியும் மண் மூட்டையும். குனிந்து, குந்தி, தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். மகள் முதலில் நுழைந்தாள், அடுத்தது நான். எனக்குப் பின்னால் அந்த அம்மா ஊன்றுகோலை எறிந்துவிட்டு வந்தார். பத்து வருடச் செல்லடியில் வந்த பழக்கம், உடம்பு தானாகவே குந்தப் பார்த்தது. புருஷன் பாய்ந்து கக்கத்துக்குள் கைகொடுத்து நிமிர்த்தினார்.

"குந்தாதகா! களண்டு போயிரும்!"

"அப்ப என்ன செய்ய?"

"நில்லு! சும்மா நில்லு!"

முதல் செல் தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போய் வயலுக்குள் விழுந்தது. பங்கர் வாசலுக்குள்ளால் எனக்கு நான்கு கால்கள்தான் தெரிந்தன. அவருடையவை இரண்டும் புருஷனுடையவை இரண்டும். இரண்டாவது செல் கிட்ட விழுந்தது. கூரை மண் என் கழுத்துக்குள் கொட்டியது. புருஷனின் கால்கள் ஓரடி பின்வாங்கின. அந்த இரும்பு வைத்த கால் அசையவில்லை. நிறைய இடங்களில் நிறையச் செல்லடிக்குள் இருந்திருக்கிறேன். ஒருவர் நிமிர்ந்து நின்று அதை வாங்குவதை அன்றுதான் பார்த்தேன். நாலாவது செல்லோடு ஓய்ந்தது. எல்லாமே வயலுக்குள் விழுந்திருந்தன.

மகள் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் உசத்தினன். இதை மட்டும் மறந்து போனனே!"

புருஷன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "விடியத் துறைக்குத் திரும்புவம். ஊர் அமைதியாகுமட்டும் நீ டவுனில தங்கச்சி வீட்ட இருகா."

"ஒரு வருஷம் இந்த வீட்டுக்க தவண்டன். இப்ப நடக்கிறன், இப்ப போகச் சொல்லுறியளா?"

"இஞ்ச எப்பிடிகா இருப்பாய்? குந்தவும் ஏலாது."

"நிக்க ஏலும்தானே. நான் நிக்கக் கூடினதா ஒரு பங்கர் வெட்டுங்க."

"ஆறடி வெட்டினா கிணறு. இடுப்பளவில தண்ணி ஊறுமே."

அவர் சொன்னது சரி. வாவிக்கரை மண் அப்படித்தான். ஆனால் கல்வாடியில் மண் தோண்டினவனுக்கு வேறொன்றும் தெரியும். கீழே போக முடியாவிட்டால் மேலே போகலாம். தண்ணீர் வரும் மட்டம் வரை வெட்டி, மிச்சத்தை மூட்டை அடுக்கி எழுப்பலாம் என்றேன். வாசலைக் குழியாக விடாமல் சரிவாக வெட்டினால் அவர் குனியாமல் நடந்தே உள்ளே போகலாம். புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெல் வெட்டுக்கு ஆள் தேவைப்படும் வட்டைகள் வெல்லாவெளியில் காத்திருக்கும், நீ நிற்பாயா என்று கேட்டார். விடிந்தபின் சொல்கிறேன் என்றேன்.

விடிந்தபோது அந்த அம்மா எனக்கு முன்னமே எழும்பி, உயர்த்திய அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தார். குடித்துவிட்டு, நிற்கிறேன் என்று சொன்னேன். அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னோம். உச்சந்தலைக்கு நேரே மகள் கரியால் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேல் நான் ஒரு சாண் கூட்டினேன். அந்த உயரத்துக்கு ஒரு கம்பை வெட்டி எடுத்துக்கொண்டு, மாமரத்துக்குக் கிழக்கே மேடான இடமாகப் பார்த்து மண்வெட்டியைப் போட்டேன்.