அகாகி எழுதிய மூன்று சீட்டுகள்

அகாகி ரோக்குரோ பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, அதற்குப் பொருத்தமாகப் பல்செட் செய்து கொடுப்பவர். நாற்பத்திரண்டு வருஷமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சாப்பிடுகிறோம். மீதிப் பேருக்கு இன்னும் வயசாகவில்லை.

நான் சயோ, வாள் தீட்டுகிறவள். கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு வாளுக்குப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரில் கையை ஊறப்போடுகிற வேலை. என்னிடம் வாள் கொண்டுவருகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு ஜாதி வாளைப் பார்க்கும், இன்னொன்று அதில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்க்கும். இரண்டாவது ஜாதிதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். அகாகி முதல் ஜாதி. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

வாள் சேர்க்கிறவர் என்றால் வீடு முழுக்க வாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் இருந்தது மொத்தமே மூன்று. மூன்றும் இன்று உயிரோடு இருக்கிறவர்கள் அடித்தவை. அதில் பெரியது ஆற்றுக்கு அந்தப் பக்கம் உலை வைத்திருக்கும் மிதானி செய்தது. மாதத்துக்கு இரண்டு நீண்ட வாளுக்கு மேல் அடிக்கக்கூடாது என்று சட்டம். மிதானி அந்த இரண்டைக்கூட அடிப்பதில்லை, மனசுக்குப் பிடிக்காததை உடைத்துப் போடுகிற மனுஷர். அகாகி நாலு வருஷம் காத்திருந்தார். ஞாயிறுதோறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் உலைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நாலு வருஷத்தில் மிதானியின் கீழ்ப்பல் எல்லாம் கொட்டிப்போக, அகாகி ஒரு செட் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாள் முடிந்தபோது, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில் ஒரு பக்கம் தன் பெயரையும் மறுபக்கம் ‘அகாகி ரோக்குரோவுக்காக’ என்றும் மிதானி உளியால் வெட்டிக் கொடுத்தார்.

புது வாள் சேர்ப்பதில் இதுதான் தொல்லை. செய்தவர் உயிரோடு இருக்கிறார். எழுநூறு வருஷத்துக்கு முந்திய வாளை நீங்கள் யாருக்கு விற்றாலும் அதைச் செய்தவர் முகம் சுளிக்கப் போவதில்லை. மிதானி அப்படியா? வியாழக்கிழமை வியாழக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் டோஃபு வரிசையில் நிற்பார்.

எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு வாள் பார்க்கும் கூட்டம் நடக்கும். தலைவர் நம்பா, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். புது வாள் என்றாலே மூக்கைச் சுருக்குவார். “அகாகி சான், உலை கொதிக்கும்போதே சோறு ருசியா இருக்குன்னு சொல்றீங்களே!” என்று எல்லோர் முன்னாலும் சீண்டுவார். ஒரு நாள் இல்லை, ஆறு வருஷம். கேட்டுக் கேட்டு மனுஷர் கரைந்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மிதானியின் வாளை ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, பெயரில்லாத பழைய வாள் ஒன்றை வாங்கி வந்தார். கூட்டத்தில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அன்றிலிருந்து அவர் மிதானியின் கண்ணில் படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நின்றது. டோஃபு வாங்க மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போனார். அவர் மனைவி ஹிசானோ விடுவாரா?

“ஏங்க, அந்த மனுஷர் உங்க பல்லை இன்னும் வாயில வெச்சிருக்கார். நீங்க அவரு வாளை வித்துட்டீங்க. அவரும் அந்தப் பல்லை வித்திருந்தா கணக்கு சரியாப் போயிருக்கும், இல்ல?”

அகாகி தட்டில் இருக்கும் மமகாரி என்ற பொடிமீனில் முள் எடுப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வார். அந்த மீனில் எடுக்கிற அளவுக்கு முள் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் ஹிமேஜியிலிருந்து பூக்கடை நடத்தும் ஒரு அம்மாள் எனக்கு ஒரு வாள் அனுப்பினார். முன்பு தீட்டியவர் விளிம்பை ரொம்ப வெள்ளையடித்துவிட்டார், உள்ளதை உள்ளபடி காட்டுகிற மாதிரி மறுபடி தீட்டித் தர வேண்டும் என்று கடிதம். கைப்பிடியைக் கழற்றினேன். ‘அகாகி ரோக்குரோவுக்காக.’ அன்று சாயங்காலம்வரை நான் கல்லைத் தொடவில்லை.

தீட்டி முடித்தபோது வாளின் முகமே மாறிவிட்டது. வெள்ளைப் பூச்சு போனதும் உள்ளே இருந்த வேலையெல்லாம் வெளியே வந்தது. எனக்கு ஒரு கெட்ட புத்தி தோன்றியது. அடுத்த கூட்டத்தில் நடுவர் நான்தான். பூக்கடை அம்மாளிடம் அனுமதி வாங்கி, வேறு மரப்பிடி மாட்டி, ஐந்து வாள்களில் நாலாவதாக இதை வைத்தேன். பிடிக்குள் பெயர் மறைந்திருக்கும். பார்க்கிறவர்கள் வாளை மட்டும் பார்த்து, யார் செய்தது என்று சீட்டில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். தப்பானால் ‘இல்லை’ என்று எழுதித் திருப்புவேன், மூன்று தடவைவரை எழுதலாம். நம்பா இதற்கு ஏதாவது பழைய பெயரை எழுதுவார், அவர் மூக்கை உடைக்கலாம். அவ்வளவுதான் என் திட்டம். அகாகி அந்த வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் தகாமட்சுவில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை கடல் பாலத்தில் காற்று பலமாக அடிக்க, ரயிலை நிறுத்திவிட்டார்கள். பத்து மணிக்கு அகாகி பலகாரப் பெட்டியோடு மண்டபப் படியேறி வந்தார். நாலாவது வாளை அப்போதே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நம்பாவின் மூக்கின் மேல் அவ்வளவு ஆசை எனக்கு.

வாளைக் கையில் எடுத்தால் யாரும் பேசக்கூடாது. எச்சில் துளி பட்டால் துரு. அதனால் அறையில் மூச்சுச் சத்தம்தான். அகாகி நாலாவதுக்கு வந்தார், குனிந்து வணங்கினார், எடுத்து விளக்குக்கு நேரே நீட்டினார். பிறகு அவர் அசையவே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமிக் காட்டினார்கள். அவர் காதில் விழவில்லை.

சீட்டு வந்தது. ‘ஒசாஃபுனே நாகமித்சு.’ எழுநூறு வருஷத்துக்கு முந்திய ஆசான், எங்கள் மண்ணின் பெருமை. நான் ‘இல்லை, காலமும் தப்பு’ என்று எழுதித் திருப்பினேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு இரண்டாவது சீட்டிலும் அதே பெயரை எழுதினார். மறுபடி ‘இல்லை.’ மூன்றாவதிலும் அதே பெயர், அடியில் அழுத்தி ஒரு கோடு. என் மேஜைக்கே வந்து கிசுகிசுத்தார்.

“சயோ சான், நீங்கதான் தப்பாக் குறிச்சு வெச்சிருக்கீங்க.”

“கைப்பிடிக்கு மேல ரெண்டு விரல் தள்ளி விளிம்பைப் பாருங்க, அகாகி சான். தயவுசெஞ்சு பாருங்க.”

“எல்லாம் பாத்தாச்சு. இதைப் பாத்தப்புறம் வீட்டுல இருக்கறதை எடுக்கவே மனசு வராது.”

அந்த இரண்டு விரல் இடத்தில் விளிம்பு தீட்டாமல் மொண்ணையாக இருக்கும். புது வாளுக்கு அதுதான் அடையாளம். நம்பா அதைப் பார்த்துவிட்டார். முதல் சீட்டில் ‘இந்தக் காலத்து வேலை’ என்று எழுதியிருந்தார். இரண்டாவதில் ‘மிதானி.’ மனுஷருக்குக் கண் இருக்கத்தான் செய்கிறது. நான் வெட்டிய குழியில் தப்பான ஆள் விழுந்துவிட்டார்.

கடைசியில் நடுவர் ஒவ்வொரு வாளாகக் கழற்றிப் பெயரைப் படித்துக் காட்ட வேண்டும். நாலாவதன் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தேன். “மிதானி” என்று படித்துவிட்டுப் பிடியை மாட்டப் போனேன்.

“மறுபக்கமும் காட்டுங்க” என்றார் நம்பா.

அதற்குள் அகாகி பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் பெயரைத் தானே படித்தார். ஒருவர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார். நம்பா தரையைப் பார்த்தார். அகாகி மூன்று சீட்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலைகுனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

நான் அவருடைய ஷூவை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மண்டபத்துச் செருப்போடு வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“என் மேல கோவப்படுங்க அகாகி சான். நான் செஞ்ச வேலைதான்.”

“அதை அப்புறம் பாத்துக்கலாம். மிதானி சானுக்குத் தெரிஞ்சிருக்குமா, நான் வித்தது?”

“நான் சொல்லலை.”

“இன்னிக்கு நடந்தது நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடணும். உங்க வண்டியில பெட்ரோல் இருக்கா?”

ஆற்றுப் பாலம் தாண்டி உலைக்குப் போனோம். மிதானி உலையை மூட்டிவிட்டு, வாசலில் கரியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“இளைச்சிட்டீங்களே” என்றார்.

அகாகி மண்ணில் மண்டி போட்டு நெற்றி தரையில் பட வணங்கினார். “உங்க வாளை வித்துட்டேன்.”

“தெரியும். வாங்கின வியாபாரி மறுவாரமே இங்க வந்து, ‘நீங்க திருப்பி எடுத்துக்கறீங்களா?’ன்னு எங்கிட்டயே கேட்டான். டீ கொடுத்து அனுப்பினேன்.”

அகாகி நிமிரவில்லை. குனிந்தபடியே அன்று காலையில் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். சட்டைப்பையிலிருந்து மூன்று சீட்டையும் எடுத்து நீட்டினார். மிதானி கரிக்கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது சீட்டின் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னத்தைப் பாத்து இப்படி எழுதினீங்க?”

அகாகி எழுந்து உட்கார்ந்தார், பேச ஆரம்பித்தார். முதுகுப் பக்கத்து இரும்பின் நிறம், விளிம்பு அலைக்கு மேலே பனி போல ஒரு மங்கல். நுனியிலிருந்து மூன்று விரல் கீழே அந்த அலை கொஞ்சம் தளர்ந்து, விழுந்துவிடும் என்று நினைக்கும்போது மெல்ல எழுந்துகொள்கிற இடம். கையைக் காற்றில் அசைத்து அசைத்துச் சொன்னார். அரைமணி நேரமாவது பேசியிருப்பார். உள்ளே உலை அணைந்து கறுத்துவிட்டது. மிதானி எழுந்திருக்கவில்லை.

“அந்த இடத்தைப் பாத்துத்தான் அந்த வாளை உடைக்கலாமான்னு மூணு நாள் யோசிச்சேன்” என்றார் மிதானி. “முப்பது வருஷமா அடிக்கறேன். எல்லாரும் நன்றி சொல்லுவாங்க, பொட்டியில வெச்சு எடுத்துட்டுப் போவாங்க. என்ன பாத்தோம்னு ஒருத்தரும் வந்து எங்கிட்ட சொன்னதில்ல.”

அகாகி மறுபடி குனியப் போனார். “மன்னிச்சிடுங்க, மிதானி சான்...”

மிதானி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அதெல்லாம் அப்புறம். அந்த மூணு விரல் இடத்தைப் பத்தி மறுபடி சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.”