புளித்தண்ணீரில் கிடந்த கத்தி

எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பாத்திரத்தில் பேர் வெட்டிப் பழகிய எழுத்துதான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்ததில்லை. அதனால் இதை எழுதவும் நேரம் பிடிக்கிறது. உளி பிடித்த கைக்குப் பேனாவில் கனமே இல்லை, நழுவுகிறது. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் வெட்டிய பேர் எந்தப் பாத்திரத்திலும் கோணலாக இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் நகை ஆசாரி. தாலி செய்வதில் அவருக்குப் பேர் உண்டு. மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கல்யாண வீட்டார் தாராவிக்குள் வழி கேட்டுக் கேட்டு எங்கள் ஒற்றை அறைக்கு வருவார்கள். சீனச் சண்டைக்குப் பிறகு தங்கத்துக்குச் சட்டம் வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். பதினாலு காரட்டில் எவள் தாலி கட்டிக்கொள்வாள்? வேலை நின்றது. ஆசாரிமார் பலர் மில்லுக்குப் போனார்கள், வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். இவர் எங்கும் போகவில்லை. பட்டறைப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சாப்பிட்டதும் போய்ப் படுப்பார். பேச்சும் குறைந்துபோயிற்று.

நான் மாதுங்காவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். கடைக்காரர் பாத்திரத்தின் மேல் சாக்கட்டியால் பேர் எழுதித் தருவார், நான் உளியால் வெட்டுவேன். தமிழ், குஜராத்தி, மராட்டி எல்லாம் வரும். படிக்கத் தெரியாத எழுத்தைத்தான் நன்றாக வெட்டுவேன். தெரிந்த எழுத்து என்றால் கை முந்திக்கொள்ளும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து, உலை வைத்து, அவரை எழுப்பிச் சோறு போட வேண்டும். முதுகு விட்டுப்போகும். என் ஆசையெல்லாம் ஒன்றுதான். இந்த மனிதர் எழுந்து பட்டறை முன்னால் உட்கார வேண்டும், நான் கொஞ்சம் முதுகைச் சாய்க்க வேண்டும்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஒரு வயதான சர்தார்ஜி வந்தார். கோலிவாடாப் பக்கம் கத்திப் பட்டறை வைத்திருந்தவர். கேட்கிறவர்களுக்குக் கேட்ட மாதிரி கத்தி செய்து தருவார். நான் வெட்டுவதை நின்று பார்த்தார். பிறகு துணியில் சுற்றிய ஒரு குறுவாளை எடுத்து என் மடியில் வைத்தார். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை இடுப்பில் வைத்துக்கொள்ளும் வாள். அதன் முதுகில் ஒரு கொடி ஓட வேண்டும், கொடியில் வெள்ளி பதிக்க வேண்டும், செய்வாயா என்று இந்தியில் கேட்டார். இது சரியாக வந்தால் மாசாமாசம் வேலை தருவேன், வீட்டில் ஆசாரி இருந்தால் அவருக்கும் உண்டு என்றார். பொன்னுக்குத்தானே சட்டம், வெள்ளிக்கு இல்லையே. நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் துணியைப் பிரித்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னளா அது?”

“பாத்தா தெரியலியா. கத்தி.”

“தாலி செஞ்ச பட்டறையில கத்திய வைக்கப் போறியா?”

“உங்க பட்டறைய நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு அம்மிக்கல்லு போதும்.”

அப்படியே செய்தேன். அம்மியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி, வாளை அதில் அசையாமல் பதித்தேன். வெள்ளிக் கம்பியைச் சர்தார்ஜியே கடைவீதியில் வாங்கித் தந்திருந்தார். பித்தளைச் செம்பில் பேர் வெட்டுவதுபோல இல்லை இந்த வேலை. இரும்பு இடம் கொடுக்காது. கோடு மட்டும் கிழித்தால் போதாது. கோட்டின் அடிப்பக்கத்தை இரண்டு ஓரமும் உள்ளே தோண்டி அகலப்படுத்த வேண்டும், வாய் சின்னது வயிறு பெரியது என்பதுபோல. அப்புறம் கம்பியை வைத்துத் தட்டினால் வெள்ளி பரந்து உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மறுநாளே கம்பி தலையைத் தூக்கும்.

பக்கத்து அறைக்காரி, எங்கள் ஊர்ப் பக்கம் நாசரேத்துக்காரி, கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது வாசலில் நின்றாள்.

“யார மைனி குத்தப் போறிய?”

“நாளைக்குக் குழாயடியில எனக்கு முன்னால எவ கொடத்த வைக்காளோ அவள.”

“அண்ணாச்சி அங்கன படுத்திருக்காவல்லா. மொத அவியள ஒரு குத்து குத்தி எழுப்புங்க.”

அவர் காதில் விழுந்திருக்கும். அசையவில்லை. நான் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். சில நேரம் சத்தம் மாறினால், சுவரைப் பார்த்தபடியே, “கம்பி எகிறுது” என்பார். பார்த்தால் எகிறித்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

கொடி முடிந்தது. இலைகள் முடிந்தன. அரக்கிலிருந்து வாளைப் பிரித்தெடுத்து, துடைத்து, அம்மி மேலேயே வைத்துவிட்டுக் காலையில் மாதுங்காவுக்குப் போனேன். அரக்குப் புகையில் வெள்ளி மங்கித்தான் இருந்தது. சாயங்காலம் வந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் படுத்திருக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலை சீவியிருந்தார். அவரை அப்படிப் பார்த்து எத்தனை மாதமாயிற்றோ. எனக்குச் சந்தோஷம் வந்தது. பிறகுதான் அவருக்கு முன்னால் இருந்த மண்சட்டியைப் பார்த்தேன். சட்டிக்கு வெளியே வாளின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

“வெள்ளி கறுத்துக் கெடந்துச்சு. வெளுக்கப் போட்டேன்” என்றார்.

எந்த வெள்ளி நகையானாலும் ஆசாரி வீட்டில் கடைசியில் புளித்தண்ணீரில் போட்டுக் காய்ச்சித்தான் வெளுப்பார்கள். அவருக்கு அது கைப்பழக்கம். பொன்னும் வெள்ளியும் அவர் அறிந்த அளவுக்கு யாரும் அறிந்ததில்லை. ஆனால் புளி பட்ட அரிவாள்மனையைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அவர் சாப்பிட்டவர், நறுக்கியவர் இல்லை.

வாளை வெளியே எடுத்தேன். கொடி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதைச் சுற்றி இரும்பெல்லாம் அடுப்புக்கரி போலக் கறுத்து, பொரிப்பொரியாக அரித்திருந்தது.

கழுவித் துடைத்து எண்ணெய் தடவினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்த மனிதர் எழவே மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாள் போனதைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

மறுநாள் நான் கிளம்பும்போது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“நீங்க எங்க வாரிய?”

“கெடுத்தவன் நான். நீ போயி ஏச்சு வாங்குவியா?”

கோலிவாடாப் பட்டறைக்குப் போனோம். சர்தார்ஜி வாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் இவர் முன்னால் போய், தனக்குத் தெரிந்த இந்தியில், “கலத்தி மேரா. இஸ்கா நஹி” என்றார், தப்பு என்னுடையது, இவளுடையது இல்லை என்று. நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எந்தக் கடைக்கும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போகிற கர்வம் பிடித்த மனிதர். பட்டறை ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்து நின்றார்.

சர்தார்ஜி ஏசவில்லை. வாளைச் சக்கரத்தில் கொடுத்து உரசினார். கறுப்புப் போயிற்று. கூடவே என் கொடியில் மெல்லிய இடமெல்லாம் போயிற்று. நான் வெட்டியது என் கண் முன்னால் தூளாகப் பறந்தது. கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது, இன்னும் ஆழமாக வெட்டிக் கொண்டுவா என்று சொல்லிப் புதுக் கம்பிச் சுருளை எடுத்து நீட்டினார்.

அதை இவர் வாங்கினார். இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். மறுபடி இழுத்தார். அவர் முகத்தில் கோபம் ஏறியது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நான் பார்த்த கோபம்.

“இத எவன் இழுத்தான்? ஒரு எடம் தடி, ஒரு எடம் ஒல்லி. இத வச்சா அவ்வளவையும் பதிச்ச?”

“இதத்தான் குடுத்தாவ.”

“கம்பி இப்படி இருந்தா எகிறாம என்ன செய்யும்?” என்றவர் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “வெள்ளியக் கட்டியாக் கேளு. கம்பிய நான் இழுக்கேன்.”

அன்று பட்டறைப் பலகை சுவரிலிருந்து இறங்கியது. உருக்கினார், தட்டினார், அச்சுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைவரை ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டு இழுத்து இழுத்து மெலியவைத்தார். நான் அம்மியின் மேல் பழைய கோட்டையே மறுபடி ஆழப்படுத்தினேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கம்பியை எனக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்து வைப்பார். கத்தியைத் தொட மாட்டார். அதற்குப் பிறகு வந்த எந்தக் கத்தியையும் அவர் கையால் தொட்டதில்லை.

அவர் உட்கார்ந்தால் நான் எழுந்து போய் முதுகைச் சாய்க்கலாம் என்று அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். வேலை வந்துகொண்டே இருந்தது. அவர் கம்பிக்கு நான்தான் வெட்ட வேண்டும். என் வெட்டுக்கு அவர்தான் கம்பி இழுக்க வேண்டும். உலை கொதித்தால் மட்டும் எழுந்து போய் அரிசியைப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன்.