கனம் பார்த்து வாங்கிய ஸ்கோப்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறையில் கூலியாகச் சேர்ந்து, நாற்பது வயதுக்குள் சொந்தமாக மூன்று லேத் போட்டேன். எந்தப் பொருளையும் காகிதம் படித்து வாங்கியதில்லை. கையில் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் சரக்கு, லேசாக இருந்தால் தகரம். மோட்டார், வைஸ், டிரில் எதிலும் இது என்னைக் கவிழ்த்ததில்லை. துப்பாக்கிமேல் மாட்டும் ஒரு ஸ்கோப் கவிழ்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கூடுவாஞ்சேரியைச் சுற்றி லேஅவுட் லேஅவுட்டாகப் போட்ட வருடங்கள் அவை. அங்கே என் இடத்தில் நாட்டுக்கோழி வளர்த்தேன். ஜேசிபி தோண்டத் தோண்ட, பெருச்சாளி எல்லாம் என் கொட்டகைக்குக் குடிவந்தது. பொழுது சாய்ந்தால் குஞ்சின் கழுத்தைக் கவ்வி இழுத்துப் போகும். பாதிக் குஞ்சு போய்விட்டது. விஷம் வைத்தால் கோழியும் கொத்தும். ஏர்கன் இருந்தது. குறிதான் என் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. அதனால் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப் ஒன்று வாங்க நினைத்தேன்.

மருமகன் ஆபீஸ்காரர். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்து பாடம் எடுத்தார்.

"மாமா, நாலு மடங்கு பெருசா காட்டுற நாலு பவர் போதும். ஏர்கன்னுக்குன்னே செஞ்சதா கேட்டு வாங்குங்க. உங்களது ஸ்பிரிங் துப்பாக்கி, சுட்டா முன்னயும் பின்னயும் உதறும், மத்த ஸ்கோப் தாங்காது."

"மாப்ள, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஸ்பிரிங் சுத்தி வித்தவன்."

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரன் இரண்டு ஸ்கோப்பை எடுத்து வைத்தான். ஒன்று சுண்டு விரல் தடிமன்.

"இன்னாபா இது, பேனா மாதிரி கீது?"

"அது எலி, முயலுக்கு சார். இந்தப் பெருசு காட்டுப்பன்னி சைஸுக்கு, தூரத்துல நின்னாலும் தூக்கிடும். உங்க கைக்கு இதான் எடுப்பு."

தூக்கிப் பார்த்தேன். இரும்பு உலக்கை மாதிரிக் கனம். அதையே வாங்கினேன். எந்தத் துப்பாக்கிக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அறுபது அடியில் பெருச்சாளி வந்து நின்றது. கண்ணை வைத்தால் பழுப்பாக ஒரு மூட்டம்தான் தெரிந்தது. வளையத்தை எந்தப் பக்கம் திருகியும் தெளியவில்லை. மூட்டத்தைப் பார்த்தே சுட்டேன். நாலாம் நாள் ஸ்கோப்புக்கு உள்ளே குறிபார்க்கக் கம்பியில் போட்டிருந்த கூட்டல் குறி அறுந்து தொங்கியது. அதற்குள் இன்னும் ஏழு குஞ்சு போயிருந்தது.

நேராகக் கடைக்குப் போய் மேசைமேல் போட்டேன்.

"ஏர்கன்ல மாட்டுனியா? இது பெரிய ரைஃபிளுக்கு சார், பின்பக்கம் உதறுனாத்தான் தாங்கும், ரெண்டு பக்கமும் உதறுனா தாங்காது! கிட்டத்துல தெரியவும் தெரியாது. சொல்லவேல்லியே நீ?"

"நீ கேட்டியாடா? கைக்கு எடுப்புன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு இதைக் கேக்கத் தெரியலியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. இதே விஷயத்தை என் வீட்டிலேயே ஒருவர் சொல்லியிருந்தார்.

அந்தப் பேனாவையே வாங்கினேன். கையில் வைத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது, அதுவே அவமானமாக இருந்தது. மறுநாள் முதல் குண்டிலேயே ஒன்று சாய்ந்தது. அந்த வாரத்தில் நாலு. மிச்சக் குஞ்சுகள் பிழைத்தன.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். துப்பாக்கியைப் பார்த்தார், ஸ்கோப்பைப் பார்த்தார். "குஞ்சுங்க நல்லா தேறிடுச்சு மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு காபி குடித்தார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அதற்கும் அந்த மனிதர் இடம் கொடுக்கவில்லை.