ஸ்டிக்கர் இல்லாத ஓட்டை

ஒருவருடைய வேலைக்கு இன்னொருவரிடம் பணம் கேட்டு எழுதிக்கொடுப்பது என் தொழில். நீங்களும் எப்போதாவது ஒரு விண்ணப்பத்தின் முன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் பாடு புரியும். திருப்பூரில் நான் எழுதிய திட்ட அறிக்கைகளில் என்னைத் துள்ள வைத்தது ஒன்றுதான். அதன் உயிரான சம்பவத்தை நானே பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பக்கம்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒருநாள் ஜெபராணி என்கிற ஜெபா வந்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. தானாகக் கற்றுக்கொள்ளும் இயந்திரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய அவளுக்குப் பணம் வேண்டும். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். நான் ‘செயற்கை அறிவின் பாதுகாப்பு’ என்று தலைப்பிட்டு, பெரிய பெரிய வார்த்தைகளாகப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். படிப்புக்கென்றால் தாராளமாகக் கொடுப்பவர் என்று, பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி நடத்தும் சென்னியப்பனிடம் கொண்டுபோனேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பாதுகாப்புன்னா கரண்ட் அடிக்காம பாத்துக்கறதுங்களா? அதுக்கு நம்மகிட்ட எலக்ட்ரீசியன் இருக்கறானுங்களே.”

சிவப்பு அம்பு

வெட்கத்தோடு ஜெபாவிடம் திரும்பினேன். “நடந்தது ஏதாவது ஒன்று சொல்லம்மா” என்றேன். சொன்னாள். துணியைப் பரிசோதிக்கும் கேமரா இயந்திரம் ஒன்று. நல்ல பீஸ், கெட்ட பீஸ் என்று ஏராளமான படங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். ஒன்றைக்கூட விடாமல் பிடித்தது. செக்கிங் பெண்கள் ஓட்டையையோ கறையையோ கண்டால் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் அல்லவா? கெட்ட பீஸ்களின் படங்களெல்லாம் அந்த ஸ்டிக்கரோடு எடுத்தவை. ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் காட்டியபோது, விரல் நுழையும் ஓட்டைக்கும் இயந்திரம் ஓகே சொல்லிவிட்டது.

அறிக்கையின் முதல் பத்தி எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது. எந்தக் கம்பெனி, உரித்தது யார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பதிலில் இந்த அருமையான பத்தி கெட்டுவிடுமோ என்ற பயம்.

“அது ஓட்டையப் படிக்கவே இல்ல அண்ணாச்சி. ஸ்டிக்கரத்தான் படிச்சிருக்கு. தப்பு அதுமேல இல்ல, சொல்லிக்குடுத்த நம்ம மேல.”

ஒரே பக்கம்

அன்றைக்கே ஸ்டிக்கர் கதையில் தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். கை பறந்தது. ‘உங்கள் பணத்தில் ஒரு கேமராவும் இரண்டு கம்ப்யூட்டரும் வாங்குவோம். மீதி, இரண்டு பேருக்கு இரண்டு வருடச் சம்பளம். படத்தில் ஒவ்வோர் இடமாக மறைத்து, எதை மறைத்தால் இயந்திரத்தின் பதில் மாறுகிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். அது எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்ததையும் தோற்றதையும் எல்லோரும் படிக்க வெளியிடுவார்கள். நாளை இதே மாதிரி இயந்திரம் எக்ஸ்ரே பார்க்கும், வண்டி ஓட்டும். அப்போது பக்கத்தில் நின்று சரிபார்க்கச் செக்கிங் பெண் இருக்க மாட்டாள்.’

சென்னியப்பன் இரண்டு தடவை படித்தார். “மெசின் வாங்கவும் காசு, அதைச் சந்தேகப்படறதுக்கும் காசுங்களா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க, இந்த ஸ்டிக்கர் சமாச்சாரம் நெசமா நடந்ததுங்களா?”

“ஆமாங்க” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவர் செக் எழுதி நீட்டினார்.

“செக்கிங்ல தப்பு நடந்தா எனக்கு ஒரு லாட் சரக்கு திரும்பி வருமுங்க. இது தப்புப் பண்ணுனா ஊருக்கே திரும்பி வருமாட்ட இருக்குது. புடிங்க.”

மறுபடியும்

அந்தப் பணத்தில் ஜெபா உருப்படியாக வேலை செய்தாள். மறைத்துப் பார்க்கும் முறையை அவளிடம் படித்த பிள்ளைகள் வேறு கல்லூரிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த ‘ஆமாங்க’ என்னை விடவில்லை. எட்டு வருடம் கழித்து, இன்னும் பெரிய தொகைக்கு எழுதித்தரச் சொல்லி வந்தாள்.

“ஆரம்பம் அதே ஸ்டிக்கர் கதையா இருக்கட்டும் அண்ணாச்சி, அங்கதான் எல்லாரும் நிமிந்து உக்காருதாங்க.”

இயந்திரம் எதைப் பார்த்து ஓகே சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஊரார் பணத்தை வாங்கிக்கொடுத்த நான், எதை நம்பி ‘ஆமாங்க’ சொன்னேன் என்று தெரிந்துகொள்ள அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்: “ஜெபா, அந்த ஸ்டிக்கர உரிச்சுப் பாத்தது நீதானா, இல்ல யாரோ பாத்ததா உங்கிட்டச் சொன்னாங்களா?”