முகம் தெரிய வேண்டிய வீடியோ

இன்று சுமதி அக்காவிடம் நான் சொல்லாதது: இந்தத் தேர்வு போனால் எனக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. "ஒரே ஒரு தடவைதான், அப்புறம் கல்யாணப் பேச்சு" என்று சொல்லித்தான் அப்பா என்னை ஃபிட்னஸ் டிரெய்னர் கோர்ஸில் சேரவிட்டார்.

கடைசித் தேர்வு ஒரு வீடியோ. ஒருவருக்கு நான் பயிற்சி கொடுப்பதைப் பத்து நிமிடம் எடுத்து, இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இருவர் முகமும் தெரிய வேண்டும்.

கீழ்வீட்டு சுமதி அக்கா இதற்காக ஒரு மாதமாக என்னிடம் பயிற்சி எடுக்கிறார். இப்போதெல்லாம் கேஸ் சிலிண்டரைத் தானே தூக்கி வைக்கிறார்.

மூன்று மணிக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றார்.

"சிங்கப்பூர்லேர்ந்து அவர் பேசுனாருடி. வீடியோல்லாம் கூடாதாம். மாஸ்க் போட்டுக்கிட்டு செய்யட்டுமா?"

"மூச்சு விடுறதப் பாப்பாங்கக்கா. மாஸ்க் ஒத்துக்க மாட்டாங்க."

"கோவிச்சுக்காத."

"சரிக்கா."

ஜிம்முக்கு ஓடினேன். பெண்கள் நேரம் முடிந்திருந்தது. உடன் படிக்கும் பிரபு, "நான் நிக்கிறேங்க. என் மூஞ்சியப் பாத்து யாரு கேக்கப் போறா?" என்றார்.

விதிப்படி ஆணும் இருக்கலாம். ஆனால் ஒரு ஆணின் முதுகில் கைவைத்து நிமிர்த்தும் என்னை அப்பா பார்த்தால்? வேண்டாம் என்றேன். அக்காவைக் கோபித்துக்கொள்ளும் தகுதி அந்த நிமிடமே போயிற்று.

தஞ்சாவூரில் முகம் காட்டத் துணிந்த பெண்கள் இருந்தால் இந்தப் பதிவின் கமெண்டில் வாருங்கள். துணிந்தவர்கள் கணக்கில் என்னைச் சேர்க்காதீர்கள்.

ஆறு மணிக்கு, வீடியோ அனுப்ப வேண்டிய இணையப் பக்கம் மூடிக்கொண்டது. நான் எதையும் அனுப்பவில்லை.