சிறுகுறிஞ்சானும் கண்டக்டரின் கட்டைவிரலும்

முதல் குவளையை சேக் தாவூது யாருக்கும் கொடுப்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய முடக்கத்தான் சூப்பைத் தானே ஊதி ஊதிக் குடித்துவிட்டு, பக்கத்தில் யாரோ நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பார். இடப்பக்கம், வலப்பக்கம், உள்நாக்கு வரை. அதுவரை, திருக்காட்டுப்பள்ளி ஆற்றுப்பாலத்தருகே நடைப்பயிற்சி முடித்து வந்தவர்கள் வண்டியைச் சுற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"என்ன பாய், நாக்குல நெல்லு ஏதும் மொளைச்சிருக்கா?" என்பார் ரெத்தினம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சும்மா நிற்கும்போதும் அவர் கை மேலே கம்பி தேடும்.

"பெரண்டைய மறந்துட்டீங்களா கண்டக்டரே?"

யாரும் மறக்கவில்லை. தாவூது குவைத்தில் பெரிய முகாம் ஒன்றில் சமையல் செய்தவர். ஊர் திரும்பி சூப் வண்டி போட்ட புதிதில், முற்றிய பிரண்டையை நாரெடுக்காமல், புளியும் சேர்க்காமல் அப்படியே கொதிக்க வைத்துவிட்டார். குடித்தவர்கள் அத்தனை பேரும் தொண்டை அரிப்பில் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு செருமிய காட்சியை ரெத்தினம் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். முதல் குவளைப் பழக்கம் அன்றைக்கு வந்தது.

தூதுவளையும் முடக்கத்தானும் கொண்டுவருபவர் காளியம்மாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வழியில் பறித்துச் சாக்கில் கட்டி வருவார். அவரிடம் தாவூதுக்கு எப்போதும் ஒரே கேள்வி.

"எங்கேருந்தும்மா பறிச்சே?"

"வாய்க்கா மேட்டு வேலி. அங்க யாரும் களைக்கொல்லி அடிக்கல. அடிச்ச எடத்துல நான் ஏன் கை வைக்கிறேன்? எம் புள்ளைங்களுக்கும் இதுலதான ரசம் வைக்கிறேன்!"

"கோவிச்சுக்காதம்மா. கேட்டாத்தான் ஒலை வைக்க மனசு வருது."

பிறகு குவைத்திலிருந்து கொண்டுவந்த நகவெட்டியால் தூதுவளை இலையின் முட்களை ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பார்.

வீட்டு வேலியில் அவரே ஏற்றிவிட்ட சிறுகுறிஞ்சான் கொடி மட்டும் வியாபாரத்துக்கு இல்லை, வேடிக்கைக்கு. வண்டிக்குப் புதிதாக வருபவரை ஓர் இலையை மென்று பார்க்கச் சொல்வார். மென்று முடித்ததும் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி வைப்பார். நாக்குக்கு இனிப்பே தெரியாது. "மண்ணத் தின்ன மாதிரி இருக்குங்க!" என்று அவர்கள் விழிக்கும்போது தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

சர்க்கரை நோய்க்காரரான ரெத்தினத்துக்கு இது வேடிக்கையாகப் படவில்லை, விமோசனமாகப் பட்டது. தினமும் இலை கேட்டு வாங்கி மென்றார். ஒரு நாள் சூப் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தார்.

"மாத்திரையெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சு பாய். நாக்குலேயே சீனி செத்துப்போச்சு, ரத்தத்துல மட்டும் எப்படி இருக்கும்?"

தாவூது சிரிப்பார் என்று பார்த்தார். தாவூது அவர் கையிலிருந்த குவளையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"அந்த எலை நாக்கத்தாங்க ஏமாத்துது. மாத்திரையப் போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வண்டியில ஒங்களுக்கு ஒண்ணும் கெடையாது."

"எனக்கே டிக்கெட் இல்லேங்கிறியா?" கோபத்தில் ரெத்தினத்தின் மரியாதை சட்டென்று இறங்கிவிட்டது.

"எறங்கிக்கங்க கண்டக்டரே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் ரெத்தினத்தைச் சுட்டது. மறுநாளிலிருந்து எதிர்ச்சாரி டீக்கடையில், தாவூதின் கண்ணில் படும்படி உட்கார்ந்து, "சீனி தூக்கலா!" என்று உரக்கச் சொல்லி டீ வாங்கிக் குடித்தார். நடைக் கூட்டாளிகளையும் அங்கேயே இழுத்துக்கொண்டார். தாவூதின் பானையில் சூப் மிஞ்சத் தொடங்கியது. அப்படியும் ரெத்தினம் கடந்து போகும்போதெல்லாம் அவர் கேட்பார்: "மாத்திர போட்டாச்சா?" ரெத்தினம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதற்கிடையில் ஆற்றுப் படிக்கல்லில் ரெத்தினத்தின் கால் கட்டைவிரல் இடித்துக்கொண்டது. சர்க்கரையில் கால் மரத்திருந்ததால் வலி தெரியவில்லை; அவர் பொருட்படுத்தாமல், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் விடிந்ததும் அவர் காலை லேசாக இழுத்து நடப்பதை தாவூது பார்த்தார். கையிலிருந்த கரண்டியோடு சாலையைக் கடந்து வந்து நின்றார்.

"துணிய அவுருங்க."

"ஒன் வேலையப் பாரு பாய்."

"அவுருங்கன்னா!"

விரல் கறுத்திருந்தது. தாவூது டீக்கடைக்காரரின் பைக்கை வாங்கி, ரெத்தினத்தைத் தூக்காத குறையாகப் பின்னால் ஏற்றினார். "பாய், அடுப்பு எரியுது!" என்று காளியம்மாள் கத்தியது காதில் விழுந்தும் திரும்பவில்லை. காளியம்மாளே ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். தாவூது கையில் திணித்துவிட்ட சூப் கரண்டியை ஆஸ்பத்திரி வரை பிடித்துக்கொண்டு போனது ரெத்தினம்தான்.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அவர் சொன்னதும் ரெத்தினம் சோதனைச் சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். சுவரோரம் நின்ற தாவூது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"சீனி வித்தை காட்டினது நான்தானங்க. சும்மா சிரிக்கிறதுக்குத்தான் காட்டினேன்."

ரெத்தினம் கரண்டியை அவரிடம் நீட்டினார்.

விரல் பிழைத்துவிட்டது. வேலியில் கொடி தழைத்துக் கிடக்கிறது, வித்தை மட்டும் நின்றுபோயிற்று. இழுத்துக்கொண்டு போன கூட்டாளிகளை ரெத்தினமே திரும்பக் கூட்டி வந்தார். "மாத்திர போட்டவங்கல்லாம் ஏறு, ஏறு!" என்று வண்டிக்கு ஆள் சேர்ப்பதும் அவர்தான். இருவருக்கும் நடுவே நன்றி என்ற சொல் இதுவரை வந்ததில்லை.

இப்போதெல்லாம் தாவூது கண்ணாடியில் நாக்கைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் குவளைக்குக் கை நீட்டுவார்கள். ரெத்தினம் மட்டும் சற்றுத் தள்ளிக் கிடக்கும் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டுவார். "காலத் தொடாதீங்க பாய், மனசு என்னமோ பண்ணுது" என்று முதல் நாள் பின்னுக்கு இழுத்துக்கொண்டவர்தான். தாவூது அவர் முன் குந்தி உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்து, அந்தக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு எழுந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, இரண்டாவது குவளையை நிரப்பி ரெத்தினத்திடம் நீட்டுவார்.